மூன்று கட்டுப் பணமும் ஒரு தொட்டி ஈர மணலும்

எட்டு மாதங்களுக்கு முன்பு, கூப்பர் யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். இன்று என்னிடம் இருப்பவை ஈர மணல் நிரப்பிய ஒரு தொட்டி, ஒரு வாளி, டாலர் நோட்டு அளவில் வெட்டிய காகிதக் கட்டுகள், அறுந்துபோன சில ரப்பர் பேண்டுகள். ஆள் கிடைக்கவில்லை. அவனுடைய பணத்தோடு மட்டும் கொஞ்சம் பழகியிருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971 நவம்பர் 24. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், டான் கூப்பர் என்று பெயர் கொடுத்து, 20 டாலருக்கு ஒருவழி டிக்கெட் வாங்கிய ஒருவன் நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் 305ஆம் எண் விமானத்தில் ஏறினான். சியாட்டலுக்கு அரை மணி நேரப் பயணம். விமானம் கிளம்பியதும் பணிப்பெண்ணிடம் ஒரு சீட்டை நீட்டி, தன் பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகத் தெரிவித்தான். கேட்டது 2 லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டுகளும். சியாட்டலில் இரண்டும் வந்து சேர்ந்தன. பயணிகள் 36 பேரையும் இறங்கவிட்டான். மெக்சிகோ நகரத்துக்குப் போகவேண்டும், 10,000 அடிக்கு மேல் ஏறக்கூடாது, சக்கரங்களை மடக்கக்கூடாது என்று விமானிகளுக்கு நிபந்தனை போட்டான். வழியில் எரிபொருளுக்காக ரீனோவில் இறங்கியபோது போயிங் 727இன் வால்பகுதிப் படிக்கட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. அமெரிக்க விமானக் கடத்தல்களில் இன்றுவரை துலங்காதது இது ஒன்றுதான். (அவன் ‘டி.பி. கூப்பர்’ ஆனது செய்தியாளர்களின் குழப்பத்தால். அவன் கொடுத்த பெயரில் டி.பி. கிடையாது.)

முதல் இரண்டு மாதங்கள் முழு வீண். எல்லோரையும் போல நானும் சந்தேக நபர்களின் பட்டியலில் விழுந்தேன். எஃப்பிஐ வெளியிட்ட பழைய கோப்புகளை இரவு இரவாகப் படித்தேன். கறுப்பு மையால் பெயர்களை அழித்த பக்கங்கள் அவை. சில பக்கங்களில் எழுத்தை விடக் கறுப்புதான் அதிகம். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய ஆள்மீது எனக்கு நம்பிக்கை வந்தது. ஓவியர் வரைந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால், நடு வயதில் கோட்டு போட்ட எந்த ஆணும் கூப்பர்தான். நான் வைத்திருந்த பட்டியலை ஒருநாள் கிழித்துப் போட்டேன். அதிலிருந்த பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களில் பலர் உயிரோடு இல்லை, பதில் சொல்லவும் வரமாட்டார்கள்.

அவன் விமானத்தில் விட்டுப்போன தடயங்களும் அப்படி ஒன்றும் கைகொடுக்கவில்லை. எட்டு சிகரெட் துண்டுகள் கிடைத்தன; மரபணுச் சோதனை வருவதற்கு முன்பே அவை தொலைந்துவிட்டன. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மிஞ்சியது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வகைக் கறுப்பு டை. ஆர்வலர் குழு ஒன்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அதில் தூய டைட்டானியத் துகள்கள் இருந்தன. ஏதோ உலோக ஆலையில் வேலை பார்த்தவனாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். பழைய டையாக வாங்கி மாட்டியிருந்தால் அந்தத் துகள்கள் வேறொருவனுடைய கதையைத்தான் சொல்லும். இதில் நான் சோதித்துப் பார்க்க எதுவுமில்லை என்று விட்டுவிட்டேன்.

பணம் அப்படியல்ல. அதற்கு எடை உண்டு, அளவு உண்டு. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

2 லட்சம் டாலர், எல்லாம் 20 டாலர் நோட்டுகள். ஆக 10,000 தாள்கள். ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம். மொத்தம் 10 கிலோ. நோட்டின் நீளம் 156 மில்லிமீட்டர், அகலம் 66, தடிமன் 0.11. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரம் வரும். கொள்ளளவு 11 லிட்டர். கணக்குப் போட்டு முடித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்த அச்சுத் தாள் கட்டுகளை எடுத்து வந்தேன். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. நான்கு கட்டுகளைச் சேர்த்தால் எடையும் சரி, பருமனும் கிட்டத்தட்ட சரி. இப்படி ஒரு பொருத்தம் தானாக அமையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கூப்பர் முதுகில் மாட்டும் பையில் பணம் கேட்டிருந்தான். கொடுத்தது வங்கியின் துணிப்பை. பிடி கிடையாது, வார் கிடையாது. எனவே அவன் துணைப் பாராசூட் ஒன்றைப் பிரித்து, அதன் நைலான் கயிறுகளை அறுத்து, பையைச் சுற்றி உடம்போடு கட்டிக்கொண்டான். நானும் நான்கு தாள் கட்டுகளைத் துணிப்பையில் போட்டு, நைலான் கயிற்றால் இடுப்பில் கட்டினேன். முதல் கட்டு நடக்கும்போதே அவிழ்ந்தது. இரண்டாவது நின்றது, ஆனால் பை தொடைகளுக்கு நடுவே ஊசலாடியது. நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன். கால் தரையைத் தொட்ட பிறகுதான் பை வந்து முழங்காலுக்கு மேலே இடித்தது. வலி இரண்டு நாள் இருந்தது.

“இன்னொரு தடவை குதிக்கப் போகிறீர்களா அப்பா?” என்று கேட்டாள் என் மகள். கேட்ட தொனியில் அக்கறை குறைவு, வேடிக்கை அதிகம்.

குதிக்கவில்லை. நாற்காலி உயரத்திலேயே இந்தப் பாடு. அவன் குதித்தது மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்திலிருந்து, மழை இருட்டில், சாதாரணக் காலணியோடு. அவன் எடுத்துப் போன இன்னொரு துணைப் பாராசூட் வகுப்பில் காட்டுவதற்கானது. விரியாதபடி தைத்து மூடியிருந்தது. அது அவசரத்தில் அவனிடம் வந்துவிட்ட பொருள். அதைக் கவனிக்காமல் எடுத்தவன் கைதேர்ந்த பாராசூட் வீரன் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே சமயம் பத்து கிலோவை இடுப்பில் கட்டியதாலேயே செத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது. என் கட்டு நாற்காலியில் நின்றதே.

அடுத்து வரைபடம். இங்கேதான் நான் முட்டாளானேன்.

இரவு 8.13 அளவில் விமானத்தின் வால் திடீரென்று மேலே தூக்கியதை விமானிகள் உணர்ந்தார்கள். பிறகு அதே விமானத்தை அதே நிலையில் பறக்கவிட்டு, படிக்கட்டிலிருந்து 200 பவுண்டு எடையைத் தள்ளிப் பார்த்தார்கள். அதே போன்ற தூக்கல். குதித்த நேரம் அதுதான் என்று கொண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் லூயிஸ் ஆற்றின் மெர்வின் ஏரி, ஏரியல் என்ற சிற்றூர் ஆகியவற்றைச் சுற்றித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் போட்ட கணக்குப்படி ஒரு நிமிடப் பிழை என்றால் தரையில் 5 கிலோமீட்டர் தள்ளிப்போகும். பாராசூட் உடனே விரிந்திருந்தால் இறங்க ஒன்பது நிமிடம் ஆகும். காற்று நொடிக்குப் பத்து மீட்டர் என்று வைத்தால் இன்னுமொரு ஐந்து கிலோமீட்டர். விரியாமலே போயிருந்தால் ஒரு நிமிடச் சொச்சத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

1980 பிப்ரவரியில், கொலம்பியா ஆற்றின் டீனா பார் என்ற மணற்கரையில், குடும்பத்தோடு வந்த 8 வயதுச் சிறுவன் ஒருவன் தீ மூட்டுவதற்காக மணலைச் சமப்படுத்தும்போது மூன்று கட்டு நோட்டுகளைக் கண்டான். 5,800 டாலர். எண்களைச் சரிபார்த்ததில் கூப்பருக்குக் கொடுத்தவைதான். நான் லூயிஸ் ஆற்றில் ஒரு புள்ளி, டீனா பாரில் ஒரு புள்ளி வைத்து, நடுவில் நீர் போகும் பாதையைச் சிவப்புப் பென்சிலால் வரைந்தேன். வேகம், தூரம், வெள்ளக் காலம் என்று ஒரு வாரம் கணக்குத்தாளை நிரப்பினேன். அழகாக வந்தது. எட்டாவது நாள், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன்.

மேற்கு நோக்கி ஓடிவரும் கொலம்பியா, போர்ட்லண்டுக்கு அருகே வடக்கே திரும்புகிறது. வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது. அதாவது அந்த இடத்தில் தண்ணீர் தாளில் கீழிருந்து மேலே ஏறுகிறது. நான் பழக்கதோஷத்தில் மேலிருந்து கீழே ஓடவிட்டிருந்தேன். லூயிஸ் ஆறு கொலம்பியாவில் கலப்பது, தண்ணீர் ஓடும் திசையில் டீனா பாரைத் தாண்டி, பல மைல் தள்ளி. ஏரியலில் விழுந்த பணம் டீனா பாருக்கு வரவேண்டுமானால் ஆற்றை எதிர்த்து நீந்த வேண்டும். ஒரு வார உழைப்பைச் சுருட்டி எறிந்தேன். இதே முடிச்சால்தான், விமானம் கிழக்கே விலகிப் பறந்திருக்கலாம், பணம் வாஷூகல் ஆற்றில் விழுந்திருக்கலாம் என்ற ஊகம் பிறந்தது. வாஷூகல், தண்ணீர் டீனா பாருக்கு வந்து சேருவதற்கு முன்பே கலக்கிறது. ஆற்றுக்கு இந்த ஊகம் பொருந்துகிறது. ஆனால் 1978இல் காட்டில் ஒரு வேட்டைக்காரர் கண்டெடுத்த, படிக்கட்டை இறக்கும் முறை அச்சிட்ட 727 பலகைக்கும் பழைய தேடல் பகுதிக்கும் அவ்வளவாகப் பொருந்தவில்லை. பலகை கிடைத்தது மெர்வின் ஏரிக்கும் வடக்கே.

அதன் பிறகு வரைபடத்தை மூடிவிட்டு ரப்பர் பேண்டைப் பிடித்தேன். டீனா பாரில் கிடைத்த கட்டுகள்மீது ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. எட்டு வருடத்துக்குப் பிறகு! இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள தாளை நோட்டு அளவில் வெட்டினேன்; வழக்கமான 80 கிராம் தாள் எடை குறைகிறது. ஓர் ஏ4 தாளில் நான்கு நோட்டு. கத்தரிக்கோலால் முதல் கட்டை வெட்டி முடிப்பதற்குள் கட்டை விரலில் கொப்புளம். மற்றவற்றைச் சட்டமும் வெட்டுக்கத்தியும் வைத்து அறுத்தேன். நூறு நூறாக மூன்று கட்டுகள். ஒன்று சன்னல் விளிம்பில் வெயிலில். ஒன்று வாளித் தண்ணீரில். ஒன்று தொட்டியில் ஈர மணலுக்கு அடியில், நான்கு விரற்கடை ஆழத்தில்.

வெயிலில் இருந்ததன் கதை சீக்கிரம் முடிந்தது. ஏழாவது வாரம் ரப்பர் பேண்டில் மெல்லிய வெடிப்புகள். விரலால் தடவினால் பல் பல்லாகத் தெரிந்தது. பதினோராவது வாரம் தூக்கிப் பார்க்கலாம் என்று தொட்டேன், இரண்டாகப் போய்விட்டது. சத்தம் கூட வரவில்லை.

வாளியில் போட்டது முதலில் மிதந்தது. ஓரங்கள் நனைந்து கறுத்து, நீர் உள்ளே ஏற ஏற ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுமார் இருபது நிமிடத்தில் அடியில் போய்ப் படுத்துவிட்டது. ஆற்றின் மேல்மட்டத்தில் மைல் கணக்கில் மிதந்து வந்தது என்று கற்பனை செய்திருந்தவன் நான். அது போயிற்று. அலுவலகத் தாளையும் டாலர் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது என்பது உண்மை. நோட்டு பருத்தியும் லினனும் கலந்தது, இன்னும் உறுதியானது. ஆனாலும் இறுக்கிக் கட்டிய கட்டு படகாகாது என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

மணலில் இருந்ததை ஐந்தாம் மாதம் எடுத்தேன். ரப்பர் பேண்ட் பிசுபிசுப்பாக இருந்தது, கொஞ்சம் நீண்டிருந்தது, ஆனால் அறவில்லை. வெயிலும் காற்றும் படாமல் புதைந்திருந்தால் ரப்பர் தாக்குப்பிடிக்கிறது. ஆக டீனா பார் கட்டுகள் வெளியே கிடந்து காயாமல், சீக்கிரமே புதைந்திருக்க வேண்டும்.

எப்போது புதைந்தன? இங்கே மற்ற சாட்சிகள் என் ரப்பர் பேண்டோடு முரண்படுகிறார்கள். 1974இல் கொலம்பியாவைத் தூர்வாரிய மணலை அந்தக் கரையில் கொட்டியிருந்தார்கள். 1980இல் அங்கே தோண்டிப் பார்த்த புவியியலாளர், பணம் அந்த அடுக்குக்கு மேலே இருந்ததாகச் சொன்னார். அப்படியானால் 1974க்குப் பிறகு வந்தது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு நோட்டுகளில் ஒட்டியிருந்த டயாட்டம் பாசிகளைப் பார்த்தது. அவை வசந்தத்தில் பெருகும் வகை. பணம் நவம்பரில் நேராக ஆற்றில் விழுந்து புதையவில்லை என்பது அதன் முடிவு. இந்த இரண்டையும் என் ரப்பர் பேண்டோடு சேர்த்தால், அந்தக் கட்டுகள் கடத்தலுக்குப் பிறகு மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ வேறெங்கோ வெயில் படாமல் இருந்திருக்கின்றன. பையோடு மரத்திலா, யாருடைய அலமாரியிலா? எனக்குப் பை மேல்தான் சாய்வு. தடித்த துணிக்குள் இருந்தால் ரப்பருக்கும் நல்லது. அலமாரிக் கதை சுவையானது, ஆனால் மூன்று கட்டை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் ஏன் போடவேண்டும் என்று கேட்டால் அதற்குப் பதில் வருவதில்லை.

எஃப்பிஐ 2016இல் இந்த வழக்கின் தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது. நான் நிறுத்தவில்லை, தொட்டியில் இன்னும் மணல் இருக்கிறது. தடித்த துணியில் சுற்றிய இரண்டு புதிய கட்டுகளைப் போன வாரம் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று நிழலில், இன்னொன்று மழை படும் இடத்தில். வருடம் முடிந்ததும் இரண்டையும் மணலுக்கு மாற்றுவேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. டீனா பாரில் கிடைத்தவை நூறு, நூறு, தொண்ணூறு. அந்தக் குறைந்த பத்து நோட்டுகளைப் பற்றி எத்தனையோ ஊகங்களைப் படித்திருக்கிறேன். யாரோ பிரித்துச் செலவழித்தான் என்றுகூட. மணலிலிருந்து எடுத்த என் கட்டைப் பழைய துண்டின்மேல் வைத்து, கத்தி முனையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். மேலேயும் கீழேயும் இருந்தவை கூழாகிக் கையோடு வந்தன. எஃப்பிஐ அங்கே தோண்டியபோதும் நோட்டுத் துணுக்குகள் கிடைத்தன. இரண்டு முறை எண்ணினேன். நான் வைத்தது நூறு. முழுசாக வந்தவை தொண்ணூற்று மூன்று.