பூமிக்கடியில் எரியும் நிலக்கரி – வண்டிப்பெரியாரிலிருந்து சில குறிப்புகள்

ஜூன் 14
மழை விட்டபாடில்லை. எங்கள் தொழிற்சாலைக்குத் தேயிலைக் கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்து வருகிறது. டிரையருக்குள் போகும் காற்று 100 டிகிரிக்குக் கிட்ட இருந்தால்தான் தூள் காயும். அதற்கு லோடு லோடாக விறகு எரிகிறது. ஜார்க்கண்டின் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தன்பாத் பக்கத்துல ஜாரியாவுல 1916-லேருந்து கரி தரைக்கடியில எரியுதுடா, ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாம" என்றார்.

ஜூன் 15
"தண்ணி ஊத்தி அணைக்க முடியாதா சித்தப்பா?"

"கொதிக்கிற கரிமேல ஆவி பட்டா எரிவாயு உண்டாகும். வெடிச்சுப்புடும்."

பற்றவைக்க ஆள் வேண்டியதில்லையாம். காற்றுப் பட்டாலே கரி மெல்லச் சூடேறும். கரி வெப்பத்தைச் சட்டென்று கடத்தாது, சூடு உள்ளேயே சேர்ந்து ஒருநாள் தீயாகிறது. கைவிட்ட பழைய சுரங்கங்களும் தரை வெடிப்புகளும் அதற்கு மூச்சுக் கொடுக்கின்றன.

ஜூன் 18
அந்தச் சூட்டை எடுக்க வழி இருக்கிறது. இருமுனையும் அடைத்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துளைக்குள் இறக்குகிறார்கள். அடியில் கொதித்த ஆவி மேலேறி, வெப்பத்தை விட்டுவிட்டு, நீராகித் தானே கீழே வழிகிறது. பம்பே வேண்டாம். மேல்முனையில், சூட்டை நேராக மின்சாரமாக்கும் வெப்பமின் தகடு ஒட்டினால் மின்சாரம். சீனாவின் சின்ஜியாங்கில் சோதித்திருக்கிறார்கள்.

மின்சாரத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 150 டிகிரிச் சூட்டை வைத்துக்கொண்டு 30 டிகிரி வெளிக்காற்றில் எப்பேர்ப்பட்ட எந்திரம் ஓட்டினாலும் 28 சதவீதத்தைத் தாண்ட முடியாது; அந்தத் தகடுகளோ 5 சதவீதம் தந்தாலே பெரிது. சூட்டைச் சூடாகவே செலவழிப்பதுதான் சரி.

ஜூன் 19
குழாயைச் சுற்றியுள்ள பாறை ஆறிவிட்டால், தூரத்துச் சூடு வந்து சேர வெகுகாலம் ஆகும். தரை அமிழ்ந்தால் குழாயே முறியும். இருந்தும் எடுக்கிற ஒவ்வொரு துளி வெப்பமும் தீயைத் தணிக்கத்தானே செய்கிறது! எனக்கு அதுதான் முதல் லாபம். தீ பரவும் விளிம்பில் குழாய்களை நெருக்கமாக இறக்க வேண்டும்.

ஜூன் 21
சுடுநீரை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. தீக்கு மேல் குடியிருப்பவர்களையோ, 2009-இல் அரசு வகுத்த மறுகுடியமர்வுத் திட்டத்திலிருந்தே பெல்காரியா என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றிவருகிறார்கள். மாற்றத்தான் வேண்டும், சூடு கிடைக்கிறதே என்று அவர்களை அங்கே நிறுத்திவைப்பது பாவம். அப்படியென்றால் அந்தச் சூடு யாருக்கு?

சித்தப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாஷரியில கழுவின கரி ஈரமா கிடக்கும்டா. பக்கத்துல இருந்தா அதக் காயவைக்கலாம்." நம் டிரையர் காற்றுச் சூடே அதற்குப் போதும்.