0.3048 எல்லா அடிக்கும் பொருந்தாது

போனில் இருக்கும் கன்வெர்ட்டரில் அடியைப் போட்டால் 0.3048-ஆல் பெருக்கி மீட்டரைக் கொடுத்துவிடும். அந்த எண் ரொம்பப் பழையது இல்லை. 1959 ஜூலை 1 முதல் ஒரு கஜம் (மூன்று அடி) என்றால் 0.9144 மீட்டர் என்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா சேர்ந்து ஒத்துக்கொண்டதில் இருந்து வந்தது. அதற்கு முன்னால் அளந்த எதையாவது மீட்டருக்கு மாற்ற வேண்டும் என்றால், அளந்தவர் கையில் இருந்தது எந்தக் கோல், எந்தச் சங்கிலி என்று முதலில் பார்க்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்கு நம் பரங்கிமலையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1802-ல் பிரிட்டிஷ் சர்வேயர் லாம்ப்டன் அதன் அருகில்தான் தன் அடிக்கோட்டை (முக்கோணங்களுக்கு ஆதாரமாக நேரடியாக அளக்கும் முதல் கோட்டை) அளக்க ஆரம்பித்தார், இந்தியா முழுக்க நீண்ட முக்கோண சர்வேக்கு அதுதான் தொடக்கம். 100 அடி எஃகுச் சங்கிலி, இரண்டரை அடி நீளத்தில் 40 கண்ணிகள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் அளந்தார்கள். இழுத்து இழுத்து அளக்கும் சங்கிலி தேயும் அல்லவா, அதைச் சரிபார்க்கவே இன்னொரு சங்கிலியைத் தொடாமல் தனியாக வைத்திருந்தார்கள். அளவையை இவ்வளவு மரியாதையாக நடத்தியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

லாம்ப்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட், பூமி எவ்வளவு பெரியது என்று 1830-ல் கணக்குப் போட்டார். நிலநடுக்கோட்டு ஆரம் 2,09,22,931.80 அடி. இதை மீட்டராக்கினால் ஒரு விடை வர வேண்டும், வந்ததோ நாலு. 1937-ன் கணக்குப்படி ஓர் இந்திய அடி 0.30479841 மீட்டர், அப்போது ஆரம் 63,77,276.345 மீட்டர். 1962-ன் கணக்குப்படி அடி 0.3047996, ஆரம் 63,77,301.243. 1975-ல் அடி 0.3047995, ஆரம் 63,77,299.151. மலாயாவில் பிரிட்டிஷ் அடியின் மதிப்பையே போட்டதால் 63,77,304.063. அடிக் கணக்கில் எவரெஸ்ட் எழுதிய எண் ஒன்றேதான், ஆனால் மீட்டரில் பூமி கிட்டத்தட்ட 28 மீட்டர் வரை பெருத்தும் சிறுத்தும் போகிறது.

காரணம் ஒரு இரும்புச் சட்டம். இந்திய சர்வேக்கென்று வைத்திருந்த 10 அடிச் சட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான் இந்திய அடி. 1860-களில் க்ளார்க் என்பவர் இங்கிலாந்தில் பல நாட்டு அளவுச் சட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, இந்திய அடி பிரிட்டிஷ் அடியில் 0.99999566 பங்கு என்று கண்டார். 10 அடிச் சட்டத்துக்கு அந்தக் குறை எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கண்ணுக்கே தெரியாத அந்தத் துளியை இரண்டு கோடி அடிக்கு நீட்டினால் 27 மீட்டருக்கு மேல் வந்துவிடும். மேப் மென்பொருளில் கல்யாண்பூர் (இந்தியப் பகுதியின் பழைய வரைபடங்களுக்கு அடிப்படையான ஆயத்தொலைவு முறை) 1937, 1962, 1975 என்று தனித்தனியாகப் பட்டியலில் இருப்பது இதனால்தான், பழைய வரைபடத்தை ஏற்றும்போது வருஷத்தைப் பார்க்காமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் சோழர் கால நில அளவிலும் இதே கதைதான். கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் வரும், பதினாறு சாண் கோலும் வரும், அதனால் 'இத்தனை கோல்' என்று மட்டும் படித்துவிட்டு மீட்டர் போட முடியாது. சில கோயில்களில் அளவுகோலின் நீளத்தையே கல்லில் வெட்டி, இரண்டு முனையிலும் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே போய் டேப்பை வைத்து அளந்தால் போதும், சாண் எத்தனை சென்டிமீட்டர் என்ற சண்டையே வேண்டாம்.

சரி, வீட்டு மனைக்கு இந்த ஏழாவது தசமம் எல்லாம் முக்கியமா? இல்லவே இல்லை. 100 அடிக்கு 1975-ன் அடியைப் போட்டாலும் இன்றைய அடியைப் போட்டாலும் வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர்தான். மனையில் பணம் போவது வேறு இடத்தில். மெட்ரிக்குக்கு முந்தைய புலப்படங்களில் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே படங்களில்) கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்கள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும், அதை அடி என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு. இது 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் கொண்டுவந்த சங்கிலி, 66 அடிக்கு 100 லிங்க்ஸ், ஒரு லிங்க் 7.92 அங்குலம். ஏன் இப்படி ஒரு விசித்திரமான நீளம் என்று கேட்டால், பத்து சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர், அப்படியானால் ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். 150-க்கு 80 லிங்க்ஸ் நிலம் என்றால் பெருக்கி 12,000, மூன்று சைபரைத் தூக்கினால் 12 சென்ட், மனக்கணக்கிலேயே முடிந்தது. எவ்வளவு அழகான ஏற்பாடு! அதே 150-ஐயும் 80-ஐயும் அடி என்று எடுத்தால் 12,000 சதுர அடி, ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடி என்பதால் 435.6-ஆல் வகுத்தால் 27.5 சென்ட், இரண்டு மடங்குக்கும் மேல்.

அதனால் பழைய புலப்படம் கையில் கிடைத்தால், நீள அகலத்தைப் பெருக்கிப் பத்திரத்தில் இருக்கும் சென்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்று சைபரைத் தூக்கினதும் ஒத்துப்போனால் அது லிங்க்ஸ், ஒவ்வொரு நீளத்தையும் 0.201168-ஆல் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். 435.6-ஆல் வகுத்தால்தான் ஒத்துப்போகிறது என்றால் அடி. இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் நீங்களாக முடிவு செய்யாமல் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துவிடுங்கள்.