முதலில் கையை வை

கார் ஏசி வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கோவையில் சின்னப் பட்டறை, ஒரே நேரத்தில் மூன்று வண்டி நிற்கும். வண்டி உள்ளே வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, டேஷ்போர்டில் இருக்கிற நான்கு காற்றுத் துவாரங்களிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். அப்புறம் கால் பக்கம், கடைசியாக முன் கண்ணாடியின் அடிவிளிம்பு. இரண்டு நிமிட வேலை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், நான் கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம் தடுத்து நிறுத்துவார். "முதல்ல கையை வைடா. காத்து எங்க போகுதுன்னு பாரு."

வருகிறவர்கள் பெரும்பாலும் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்வார்கள். "கூலிங் பத்தலைங்க, கேஸ் அடிச்சு விட்டுருங்க." கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலே அடித்தால் அடுத்த கோடைக்குள் திரும்ப வர வேண்டியதுதான். அளவு சரியாக இருக்கிற வண்டியில் கூடுதலாக அடித்தால் அழுத்தம் ஏறி, இருக்கிற கூலிங்கும் போய்விடும். இதைச் சொல்லாமல் காசை வாங்கிக்கொண்டு அனுப்ப எனக்கு மனசு வராது.

காற்று போகும் வழியைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்திலிருந்து வெளிக்காற்று உள்ளே வருகிறது. வெளிக்காற்றா, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடுவதா என்று ஒரு கதவு தீர்மானிக்கிறது. அதைத் தாண்டினால் ஃபில்டர், ப்ளோயர், கூலிங் காயில். கூலிங் காயிலுக்கு அடுத்தாற்போல் ஹீட்டர் காயில். அதில் எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடுகிறது. குளிர்ந்த காற்றில் எவ்வளவு ஹீட்டர் வழியாகப் போக வேண்டும் என்பதை இரண்டாவது கதவு பார்த்துக்கொள்கிறது. முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று பிரித்து அனுப்புவது அதற்கப்புறம் இருக்கிற கதவுகள். எல்லாம் பிளாஸ்டிக் பலகைகள். பழைய வண்டிகளில் கேபிள் இழுக்கும். புதியவற்றில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று, பிளாஸ்டிக் பல் சக்கரங்களோடு, கதவின் அச்சைத் திருப்பும். ஆக்சுவேட்டர் என்போம்.

கை சொல்கிற சேதிகள் பல. எல்லாத் துவாரத்திலும் காற்றே மெதுவாக வந்தால் ஃபில்டரைக் கழற்று. வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிறுத்துகிற வண்டிகளில் சருகும் பூவும் ஃபில்டரில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். சில வண்டிகளில் எலி கூடு கட்டியிருக்கும். காற்று குறைந்தால், ப்ளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டருக்கும் ஆபத்து, அது அந்தக் காற்றிலேயே குளிர்கிற பொருள். அது எரிந்துவிட்டால் கடைசி வேகம் மட்டும் வேலை செய்யும். காற்று முதலில் நன்றாக வந்து, ஒரு மணி நேரம் ஓடியதும் குறைந்து, ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக வருகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. ஒரு பக்கம் சில், மறுபக்கம் வெதுவெது என்றால் மட்டும் அவசரப்படக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு உள்ள வண்டியில் ஒரு ஆக்சுவேட்டர் போயிருக்கலாம், கேஸ் குறைந்து காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்துகொண்டும் இருக்கலாம். அங்கே கேஜ் மாட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த ஊட்டி டாக்ஸி வந்தது ஒரு ஐப்பசி மாதம். டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். மேட்டுப்பாளையம் வழியாக வாரத்துக்கு நான்கு முறை மலை ஏறி இறங்குகிறவர். கூலிங்கில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"பர்லியாறு தாண்டினதும் மழையில கண்ணாடி பூரா மூடிக்குதுங்கண்ணா. காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பினா வரவே மாட்டேங்குது. ஒரு கையில துணிய வெச்சுத் தொடச்சுக்கிட்டே ஓட்டறேன். பின்னாடி குழந்தைங்களோட குடும்பம் உட்கார்ந்திருக்கு."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழையில் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஐந்து பேர் உட்கார்ந்தால் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில்தான் படியும். ஏசி உலர்த்திய காற்று கண்ணாடியில் பட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். பலர் மலையில் குளிர்கிறது என்று ஏசியை நிறுத்திவிட்டு, உள்காற்றையே சுற்றவிட்டு, ஏன் மூடுகிறது என்று கேட்பார்கள். இவர் அப்படி இல்லை, எல்லாம் சரியாகவே செய்திருக்கிறார். காற்றுதான் போகவில்லை.

காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புகிற பொத்தானை அழுத்தினேன். டேஷ்போர்டுக்குள்ளிருந்து 'டிக், டிக், டிக்' என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியின் அடியில் கையை வைத்தேன், காற்று இல்லை; முகத்துக்கே வந்துகொண்டிருந்தது. பல் உடைந்த ஆக்சுவேட்டரின் சத்தம் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஒன்று போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது அவர் சொன்னார், வேறு இடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, இரண்டாவது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை என்று.

ஒரு மாதத்தில் பல் ஏன் உடைய வேண்டும்?

மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி ஆக்சுவேட்டரை வெளியே எடுத்தேன். உள்ளே வெள்ளைச் சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பல் இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, கதவின் அச்சை விரலால் பிடித்துத் திருப்பினேன். பாதி தூரம் லேசாக வந்தது. அப்புறம் டக்கென்று நின்றது. நல்ல கதவு கடைசியில் ஸ்பாஞ்சில் அழுந்தி மெத்தென்று நிற்கும். இது மரத்தில் முட்டியது போல நின்றது. அப்படியானால் மோட்டார் தினமும் எதையோ எதிர்த்துத் தள்ளியிருக்கிறது, பல் தோற்றிருக்கிறது.

டேஷ்போர்டைக் கழற்றலாமா என்று யோசித்தேன். முழுசாக ஒரு நாள் போய்விடும். ஏர்பேக் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. திரும்ப மாட்டினாலும் சில வண்டிகளில் கடகட சத்தம் ஒட்டிக்கொள்ளும். டாக்ஸிக்காரருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் இல்லை. அதனால் போனில் மாட்டுகிற ஒயர் கேமராவை, கண்ணாடிக்குக் காற்று வருகிற ஓரத்து ஜாலி வழியாக மெதுவாக இறக்கினேன்.

திரையில் முதலில் தூசி தெரிந்தது. அப்புறம் காய்ந்த மல்லிகை இதழ்கள், சருகு நிறத்தில். அவற்றுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் குச்சிகள். எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் அடிக்குச்சி, நுனியில் இன்னும் சிவப்புச் சாயம். அதில் ஒன்று கதவுக்கும் சுவருக்கும் நடுவே சரியாக மாட்டி, கதவைத் திறக்கவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையார் இருந்தார். அவருக்கு முன்னால் கண்ணாடி ஓரத்து ஜாலி. தினமும் விடிகாலையில் வண்டி எடுக்கும் முன் அந்த ஜாலியின் இடுக்கில்தான் பத்தியைச் செருகுவாராம். எரிந்து முடிந்ததும் வண்டி குலுங்கக் குலுங்க, மிச்சக் குச்சி உள்ளே விழுந்துவிடும். போனில் பார்த்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "சாமிக்கு வெச்சதுங்கண்ணா" என்றார். தப்பு அவருடையது இல்லை. அங்கே செருகாதீர்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்கு முன்பு இரண்டு முறை ஆக்சுவேட்டர் மாற்றிய கைகளும் அந்த அச்சை ஒரு தரம் விரலால் திருப்பிப் பார்க்கவில்லை.

நீள மூக்குக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்தோம். பதினோரு குச்சி. இதழ்களை வாக்யூமால் உறிஞ்சினோம். அச்சைத் திருப்பினேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெத்தென்று போய் நின்றது. அதற்கப்புறம்தான் புது ஆக்சுவேட்டரை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் கதவு தானாக ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் போய் எல்லையைப் படித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தியபோது சத்தமே இல்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணாடி அடியில் வைத்தேன். காற்று பட்டதும் சிரித்துவிட்டார்.

2025 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டு நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. எங்கள் பட்டறைக்கும் இனி லாரிகள் வரும். லாரி கேபினில் சாமி படமும் பூவும் பத்தியும் இல்லாமல் விடியாது. அந்த டாக்ஸிக்காரர் இப்போது பித்தளையில் ஒரு சின்ன ஊதுபத்தி ஸ்டாண்டு வாங்கி, டேஷ்போர்டில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அதே மாதிரி ஒரு டஜன் வாங்கி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். ஜாலியில் சாம்பல் தெரிகிற வண்டி எது வந்தாலும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.