என் தெரு ஏன் வளைகிறது? பழைய வரைபடங்களோடு எட்டு மாதம்

நான் குடியிருக்கும் தெரு பாதி தூரம் நேராகப் போய், சட்டென்று இடப்பக்கம் ஒடியும். சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் கட்டம் போட்டது போல நேராக இருக்க, இது மட்டும் ஏன் இப்படி? பல வருடமாக மனதில் இருந்த கேள்வி. எங்கள் புறநகரின் நான்கு பழைய வரைபடங்கள் நூலகத்தில் கிடைத்ததும் விடை தேடக் கிளம்பினேன்.

முதலில் இடறியது தேதியில். ஒரு தாளில் ரயில் பாதை இருந்தது, நிலையத்தைச் சுற்றி ஒரு வீடுகூட இல்லை. அச்சான வருடத்தையே எல்லாவற்றுக்கும் வருடமாக எடுத்துக்கொண்டு ஒரு மாதம் குழம்பினேன். அப்புறம்தான் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். நிலத்தை அளந்த வருடம் வேறு, அச்சிட்ட வருடம் வேறு. மறுபதிப்பில் புது ரயில் பாதையை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது உண்டு. பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் தாள்களிலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் தீ காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் போட்ட வரைபடங்களில், மாறிய கட்டடத்தின் மேல் திருத்தத் துண்டையே ஒட்டிவிடுவார்கள். ஒரே தாளில் பல வருடங்கள் படிந்திருக்கும். தேதியைச் சரிபார்க்காமல் வேறு எதையும் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு தாளில் எங்கள் தெருவுக்குப் பின்னால் மூன்று தெருக்கள் பெயரோடு இருந்தன. இடிக்கப்பட்டவை என்று நினைத்தேன். முன்னும் பின்னும் வந்த தாள்களைப் பார்த்தால் அங்கே வெறும் நிலம். மனை போடத் திட்டமிட்டவர்களின் ஆசை மட்டும் வரைபடத்தில் ஏறியிருக்கிறது, தெரு வரவே இல்லை.

அடுத்த வேலை பழையதை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துவது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். இரண்டு வரைபடத்திலும் மாறாமல் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். நான் தெரு முனைகளைக் குறித்தேன், எல்லாம் கோணிக்கொண்டது. காரணம் எளிது: தெருவின் பெயரை உள்ளே எழுத இடம் வேண்டுமென்று, சிறிய அளவுத் தெரு வரைபடங்களில் தெருவை உண்மையைவிட அகலமாக வரைவார்கள். சாலைகளும் பிற்பாடு அகலப்படுத்தப்பட்டிருக்கும். ரயில் பாலத்தின் தூண்கள், பழைய வழிபாட்டிடத்தின் மூலைகள் என்று மாற்றிய பிறகு சரியாக உட்கார ஆரம்பித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தின் பிளேட் ஸ்பிளைன் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் புள்ளிகளும் கச்சிதமாகப் பொருந்தும், பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது படத்தையே இழுத்து வளைத்துப் பொருத்துகிறது. தப்பாக வைத்த புள்ளியும் சரியாகவே தெரியும். முதலில் எளிய முறையில் போட்டு, எந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். என் புள்ளிகளில் இரண்டு அப்படித்தான் மாட்டின.

1:2500 அளவில் இருந்த மிகப் பழைய தாளை, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 25 மீட்டர், இன்றைய தெருக்களின் மேல் வைத்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தெரு ஒடியும் அதே இடத்தில் ஒரு வயல் எல்லை ஒடிகிறது. எல்லையை ஒட்டி ஓர் ஓடை. வயல்களை ஒவ்வொன்றாக விற்று மனை பிரித்தபோது, ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் தன் நிலத்துக்குள்ளேயே தெருவைத் திருப்பியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓடை அடுத்த தாளில் பாதியாகிறது, அதற்கடுத்ததில் இல்லை.

தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியிடம் போனேன். வரைபடத்தை முதலில் காட்டினால் அதற்கேற்ப நினைவும் திரும்பிவிடும் என்பதால், அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, “இங்கே தண்ணீர் ஏதும் ஓடியதா?” என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்து வாசலுக்கு வந்து, வளைவில் இருக்கும் மின்கம்பத்தைக் காட்டி, “அங்கே ஒரு பலகைப் பாலம் இருந்தது, அதில் நடக்க எனக்குப் பயம்” என்றார். பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். அந்த இடத்தில் ஓடையின் குறுக்கே, நடைபாலத்துக்கான சின்னக் குறி இருந்தது. இருவரும் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.