எண்ணெய் ஏறியது, என் பணம் ஏறவில்லை

2020 மார்ச் கடைசி வாரம். ஊர் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. விமானங்கள் தரையில் வரிசைகட்டி நின்றன. ஜனவரியில் 60 டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்த அமெரிக்கக் கச்சா எண்ணெய், அதாவது டபிள்யூ.டி.ஐ., ஒரு பீப்பாய் 20 டாலருக்கு வந்துவிட்டது. இதற்குக் கீழே எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்து, எண்ணெய் விலையைப் பின்தொடரும் ஃபண்டு ஒன்றில் பணம் போட்டேன். ஃபண்டின் பெயர் வேண்டாம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. விளக்கக் குறிப்பு அறுபது எழுபது பக்கம் இருந்தது, நான் முதல் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று டபிள்யூ.டி.ஐ. 48 டாலரில் முடிந்தது. இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றம். குஷியோடு என் கணக்கைத் திறந்தால், போட்ட பணத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். அடுத்தவர் புத்தகத்தில் ஐம்பது காசு இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் புத்தகத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

டிவியில் கீழே ஓடுகிற எண்ணெய் விலை, நாம் நினைக்கிற மாதிரி ஒரு பொருளின் விலை கிடையாது. அடுத்து முடியப்போகும் மாதத்துக்கான முன்பேர ஒப்பந்தத்தின் விலை அது, அதாவது பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே பேசி வைக்கும் விலை. டபிள்யூ.டி.ஐ.யில் ஒரு ஒப்பந்தம் என்றால் 1,000 பீப்பாய். கெடு முடியும்போது கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்ற சிற்றூருக்குப் போய் நிஜமாகவே எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபண்டுக்கு டேங்கும் இல்லை, குழாயும் இல்லை. அதனால் மாதாமாதம் கெடுவுக்கு முன்பே இந்த மாத ஒப்பந்தத்தை விற்று அடுத்த மாதத்தை வாங்கிவிடும். இதற்கு ரோல் என்று பெயர்.

சாதாரண நாட்களில் இரண்டு மாதங்களுக்கும் விலை வித்தியாசம் ரொம்ப இருக்காது. 2020 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை என்ன நிலவரம் என்று பாருங்கள். மே மாத ஒப்பந்தம் 18.27 டாலர், ஜூன் மாத ஒப்பந்தம் 25.03. அன்று ஒருவர் ரோல் செய்தால், 1,000 பீப்பாயை விற்ற பணத்தில் சுமார் 730 பீப்பாய்தான் திரும்ப வாங்க முடியும். பணம் அப்போதைக்கு அதே பணம்தான், அதனால் வலிக்காது. ஆனால் டிவியில் ஓடுகிற விலை அடுத்த மாதம் 25 டாலருக்கு ஏறினால்கூட அவருக்கு லாபம் பூஜ்யம், ஏனென்றால் அவர் வாங்கியதே 25-க்கு. ஏறவில்லை என்றால் நஷ்டம். ஊரெல்லாம் "எண்ணெய் 18-லிருந்து 25-க்குப் போய்விட்டது" என்று கைதட்டும்போது அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தூரத்து மாதம் விலை அதிகமாகவும் கிட்டத்து மாதம் குறைவாகவும் இருக்கும் இந்த நிலைக்கு கான்டாங்கோ என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ நடனம் மாதிரி இருக்கும். ஆடுவது நம் பணம்.

அடுத்த திங்கள், ஏப்ரல் 20, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போனால் கூடவே காசும் தருகிறோம் என்ற நிலை. அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் 20 டாலருக்கு மேலேயே இருந்தது. ஒரே சரக்கு, ஒரே குழாய், ஒரு மாத இடைவெளிக்கு 58 டாலர் வித்தியாசம். இத்தனைக்கும் குஷிங் டேங்குகள் அன்று முழுதாக நிரம்பியிருக்கவில்லை. காலியாகத் தெரிந்த இடத்தையும் யாரோ முன்கூட்டியே வாடகைக்குப் பிடித்துவைத்திருந்தார்கள்.

என் பணம் யாரிடம் போனது? டேங்கர் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருக்கும் என் பள்ளித் தோழன்தான் இதற்குப் பதில் சொன்னான். அந்த ஏப்ரலில் அவன் வி.எல்.சி.சி. எனப்படும் ராட்சத எண்ணெய்க் கப்பல் ஒன்றில் இருந்தான். 330 மீட்டர் நீளம், 20 லட்சம் பீப்பாய் பிடிக்கும் வகை. சரக்கு ஏற்றிவிட்டார்கள், எங்கே இறக்குவது என்று யாரும் சொல்லவில்லையாம். வாரக்கணக்கில் நங்கூரம். "டேய், ஓடாத கப்பலுக்குச் சம்பளம் வாங்குறேன்டா" என்று சிரித்தான். ஓடாத கப்பல் என்று அவன் சொன்னதுதான் விஷயம். யாரோ ஒருவர் கிட்டத்து மாதத்தில் மலிவாக எண்ணெயை வாங்கி, தூரத்து மாதத்தில் அதை அன்றைக்கே கூடுதல் விலைக்கு விற்று, நடுவில் வைத்திருக்கக் கப்பலை வாடகைக்கு எடுத்திருக்கிறார். அந்த மாதிரிக் கப்பல்களின் நாள் வாடகை 2 லட்சம் டாலரைத் தாண்டிய நாட்களும் அந்தச் சமயத்தில் உண்டு. அதைக் கொடுத்தும் அவருக்கு மிச்சம் நின்றது. கூடுதல் விலைக்கு அவரிடம் தூரத்து மாதத்தை வாங்கிக்கொண்டே இருந்தது என்னைப் போன்றவர்களின் ஃபண்டுகள். என் தோழனின் சம்பளத்தில் என் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அவனிடம் சொன்னேன், பார்ட்டி கேட்கக் கூடாது என்றான்.

சரி, பழைய கதை. இப்போதும் போர், தடை, தேர்தல் என்று ஏதாவது செய்தி வந்தால் என்னிடம் "எண்ணெய் வாங்கலாமா?" என்று யாராவது கேட்கிறார்கள். 2025 ஜூன் 22 அன்று நான்கு பேர் கேட்டார்கள். ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22-ஆம் தேதி அமெரிக்கா ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணுநிலையங்கள்மீது குண்டு போட்டது. வார விடுமுறை, சந்தை மூடியிருந்தது. உலகம் ஒரு நாளில் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஹார்முஸ் நீரிணை வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அது அடைபட்டால் என்ன ஆகும் என்று எல்லா சேனலிலும் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். திங்கட்கிழமை சந்தை திறந்ததும், உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் 81 டாலரைத் தொட்டது. அன்றைக்கே ஈரான் கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தின்மீது ஏவுகணைகள் வீசியது. ஏவுகணை பறக்கும் காட்சி ஒரு பக்கம், எண்ணெய் விலை சரியும் கோடு மறுபக்கம். அன்று பிரெண்ட் 7 சதவீதம் இறங்கி 71 டாலரில் முடிந்தது. மறுநாள் போர்நிறுத்தம், இன்னும் இறக்கம்.

பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சந்தை பார்த்தது வேறு. ஏவுகணை ராணுவத் தளத்துக்குப் போனது. டேங்கருக்கோ ஏற்றுமதி முனையத்துக்கோ போகவில்லை. முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு அடித்தார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்த வாரம் என் தோழன் வளைகுடாப் பக்கம் இருந்தான். ஜி.பி.எஸ். சிக்னலை யாரோ குழப்பியதில், மின்னணு வரைபடத்தில் அவன் கப்பல் பாலைவனத்தின் நடுவில் நின்றதாம். அதைப் படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரு வரி: "ஒட்டகத்துக்கு வழிவிட்டுப் போய்க்கிட்டே இருக்கோம்." போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் அன்றைய செய்தி. எந்தச் சேனலிலும் அது தலைப்பில் வரவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. 1991 ஜனவரி 17, வளைகுடாப் போரில் ஈராக்மீது குண்டுவீச்சு தொடங்கிய அன்று எண்ணெய் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. பயத்தில் பல மாதமாக உயர்ந்து நின்ற விலை, சவூதி வயல்களுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும், அமெரிக்கா தன் அவசரக் கையிருப்பைத் திறக்கிறது என்றதும் இறங்கிவிட்டது. எண்ணெய்க் கட்டமைப்பே நேரடியாக அடிபட்ட நாள் என்றால் 2019 செப்டம்பர் 14. சவூதியின் அப்கைக் ஆலை தாக்கப்பட்டு, நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. உலக உற்பத்தியில் சுமார் 5 சதவீதம். அடுத்த வர்த்தக நாளில் பிரெண்ட் ஏறக்குறைய 15 சதவீதம் ஏறியது. அந்த மாதம் முடிவதற்குள் விலை கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. ஆலையை நினைத்ததைவிட வேகமாகச் சரிசெய்துவிட்டார்கள்.

அதற்காக அரசியல் செய்தி விலையை மாதக்கணக்கில் நகர்த்தாது என்று சொல்ல மாட்டேன். 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை நகர்த்தியது, 2022-ல் உக்ரைன் போர் நகர்த்தியது. பீப்பாய் உண்மையிலேயே வழிமாற வேண்டியிருந்ததா, நின்றுபோனதா, எத்தனை நாளுக்கு என்பதைப் பார்க்க வேண்டும். ரஷ்ய எண்ணெய்க்கு ஜி-7 நாடுகள் 2022 டிசம்பர் 5 முதல் 60 டாலர் உச்சவரம்பு வைத்தபோது பலரும் விலை பறக்கும் என்று காத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தின் நோக்கமே ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், ரஷ்யாவுக்குக் காசு மட்டும் குறைய வேண்டும் என்பது. அந்த வாரம் பிரெண்ட் 80-க்குக் கீழே இறங்கியது. தலைப்பில் 'தடை' என்ற வார்த்தை இருந்தது, எண்ணெய் தடைபடவில்லை.

தேர்தலைப் பார்த்துப் பங்கு வாங்கிய கதையும் எனக்கு உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே கஷ்டமாக இருக்கும். 2020 நவம்பரில் பைடன் ஜெயித்தார். பதவியேற்ற முதல் நாளே, கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரவிருந்த கீஸ்டோன் எக்ஸ்.எல். குழாய்க்கான அனுமதியை ரத்து செய்தார். எண்ணெய் இனி அவ்வளவுதான், வருங்காலம் சூரியனும் காற்றும் என்று கிளீன் எனர்ஜி ஃபண்டு ஒன்றை 2021 ஜனவரியில் வாங்கினேன். உச்சியில் வாங்குவது எப்படி என்று பாடம் எடுக்கலாம், அப்படி வாங்கினேன். எண்ணெய்க்கு நண்பர் என்று பெயர் வாங்கிய டிரம்பின் முதல் நான்கு ஆண்டு முடிவில் எரிசக்தித் துறைப் பங்குகள் இறக்கத்தில் கிடந்தன. 1928 முதல் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீட்டுப் பட்டியலில் இருந்த எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மொபில் 2020 ஆகஸ்டில் அதிலிருந்து நீக்கப்பட்டது. எண்ணெய்க்கு எதிரி என்று சொல்லப்பட்ட பைடன் காலத்தில், 2021, 2022 இரண்டு வருஷமும் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீட்டின் துறைகளில் எரிசக்திதான் முதலிடம். எக்ஸானின் 2022 லாபம் 5,570 கோடி டாலர். 2023-ல் அமெரிக்கா நாளுக்கு 129 லட்சம் பீப்பாய் எடுத்தது. அதுவரை எந்த நாடும் எடுக்காத அளவு.

ஏன் இப்படி? ஷேல் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் அமெரிக்க நிறுவனங்கள் முந்தைய பத்தாண்டில் கடன் வாங்கித் தோண்டித் தள்ளின. எண்ணெய் பெருகியது, விலை அடிவாங்கியது, முதலீட்டாளர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2020 அடிக்குப் பிறகு பங்குதாரர்கள் கடுப்பாகி, தோண்டினது போதும், டிவிடெண்டைக் கொடு என்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தேவை திரும்பியது, பிறகு உக்ரைன் போர். வெள்ளை மாளிகையில் யார் இருந்தார் என்பதைவிட, நிறுவனத்தின் இயக்குநர் குழு எங்கே பணத்தைப் போட்டது என்பது முக்கியமாகிவிட்டது. கிளீன் எனர்ஜி பக்கம் 2022 ஆகஸ்டில் பெரிய மானியச் சட்டமே வந்தது. சட்டம் கையெழுத்தானது, வட்டி விகிதமும் ஏறியது. கடனில் கட்டுகிற காற்றாலைக்கு வட்டிதான் முதல் எதிரி. என் ஃபண்டு சட்டத்தைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இப்போது நான் பார்ப்பவை மிகச் சில. புதன்கிழமைதோறும் அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை பத்தரை மணிக்கு அந்நாட்டு எரிசக்தித் தகவல் அமைப்பு வாராந்திரக் கையிருப்பு அறிக்கை வெளியிடும். மொத்தக் கையிருப்பு ஏறியதா இறங்கியதா, குஷிங்கில் எவ்வளவு, சுத்திகரிப்பு ஆலைகள் எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன, இந்த மூன்றையும் நோட்டில் எழுதுவேன். ஆம், காகித நோட்டில். பக்கத்திலேயே கிட்டத்து மாத விலை, ஆறு மாதம் தள்ளிய விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். கிட்டத்து மாதம் விலை கூடுதல் என்றால் சரக்கு இன்றைக்கே வேண்டும் என்று யாரோ அவசரப்படுகிறார்கள். தூரத்து மாதம் கூடுதல் என்றால் இன்றைக்கு வைக்க இடம் தேடுகிறார்கள். 2025 ஜூனில் கிட்டத்து மாத விலை துள்ளிக் குதித்தபோது, ஒன்றிரண்டு வருஷம் தள்ளிய ஒப்பந்தங்கள் அந்த அளவுக்கு அசையவில்லை. பயம் சில வாரங்களுக்கு உரியது என்றே சந்தை விலை போட்டிருந்தது. பத்து வருஷம் வருமானம் தரும் ஒரு எண்ணெய் வயலின் மதிப்பு அதனால் பெரிதாக மாறிவிடாது. அந்த வயலை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கை அந்தத் திங்கட்கிழமை அவசரமாக வாங்கியவர்கள் சில வாரத்துப் பயத்துக்குப் பல வருஷத்து விலை கொடுத்தார்கள்.

போன வாரம் மறுபடியும் ஒருவர் கேட்டார். கூட வேலை பார்த்தவர், என்னைவிட மூத்தவர், பணி ஓய்வுப் பணம் கையில் இருக்கிறது.

"தம்பி, எண்ணெய் வாங்கலாம்னு ஒரு யோசனை. என்ன சொல்றீங்க?"

"எந்த மாதம் சார்?" என்றேன்.

"எதுக்குத் தள்ளிப்போடணும், இந்த மாசமே வாங்கிடலாம்" என்றார்.