கிரவல் றோட் யாருடையது? திருகோணமலையில் பைக் ஓட இடம் தேடி அலைந்த கதை

திருகோணமலையில் ட்ரெயில் பைக் (மண், காட்டுப் பாதைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவர்கள் சந்தித்தால் பேச்சு கடைசியில் ஓர் இடத்துக்குத்தான் வரும்: யாரும் மறிக்காமல் எங்கே ஓடலாம்? பலகை நட்டு, 'இதில் ஓடுங்கள்' என்று எவரும் காட்டப் போவதில்லை. ஒரு பாதை யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். அதில் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன், அடுத்தவருக்காவது பெற்றோல் மிச்சமாகட்டும்.

லைசன்ஸ், இன்சூரன்ஸ், ரெவினியூ லைசன்ஸ் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நம்பர் பிளேட் இல்லாத போட்டி பைக்கோடு பொது றோட்டுக்கு வருபவர் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம்.

கூகுள் மேப்பில் கோடு தெரிகிறதே என்று இறங்கிவிடாதீர்கள். மரம் ஏற்றிய பாதை, யானை போட்ட பாதை, பட்டிக்காரர் மாடு சாய்க்கும் பாதை எல்லாம் மேலிருந்து பார்த்தால் ஒரே கோடுதான். ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 1907ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் என்றாலும் இன்றும் அதன்படிதான் வழக்கு. தெற்கே சோமாவதிப் பக்கம் தேசியப் பூங்கா. அதற்குள் ட்ரெயில் ஓடும் எண்ணமே வேண்டாம்.

அடுத்தது குளக்கட்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், நீளமாக, நேராக. நீர்ப்பாசன ஆட்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்: கூடாது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. கட்டில் டயர் தடம் பதிந்தால் இங்கே யாருக்கும் பொறுக்காது.

மிஞ்சியது பிரதேச சபை றோட்டுகள். வயலுக்கும் பழைய குடியேற்றங்களுக்கும் போகும் கிரவல் றோட்டுகளில் பல சபையின் பதிவேட்டில் இருக்கின்றன. அதில் ஏறிய றோட் பொது றோட். யாரிடமும் கேட்காமல் ஓடலாம். அந்தப் பதிவேட்டைக் கண்ணால் காண்பதற்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

சபையின் பெயர் வேண்டாம். முகப்பு மேசையில் இருந்த அக்கா எங்களைப் பார்த்தார், ஹெல்மெட்டுகளைப் பார்த்தார்.

"ரேஸ் ஓடுறதுக்கோ?"

"இல்லை அக்கா. எந்த றோட் சபையின்ட என்று பார்க்கத்தான்."

"அதுக்கு பொலிஸ் லெட்டர் வேணும்."

பொலிஸில் கேட்டால், பொது றோட்டில் போக நாங்கள் ஏன் கடிதம் தர வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. திரும்பி வந்தால் கந்தோரில் பதிவேடு வைத்திருப்பவர் லீவு. அடுத்த முறை அவர் களத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்த முறை ஆள் இருந்தார், அலுமாரித் திறப்பு இல்லை. பதிவேட்டைப் பார்க்கக் கேட்டு நாங்கள் கொடுத்திருந்த கடிதத்தை யாரோ முறைப்பாட்டுக் கோப்பில் போட்டிருந்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதை எடுத்துப் பார்த்து, "எந்த றோட்டுக்குத் தம்பி தார் போடச் சொல்லுறீங்க?" என்று கேட்டார். தார் வேண்டாம் ஐயா என்றோம். அப்படிச் சொல்லி வந்த முதல் ஆட்கள் நாங்கள்தானாம். சிரித்தார், ஆனாலும் பதிவேடு வெளியே வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். 'றோட் விபரம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ள வீதிகளின் பெயர், தொடக்கம், முடிவு, நீளம், மேற்பரப்பு' என்று எழுதுங்கள். விண்ணப்பம் கிடைத்தது என்று எழுத்தில் வாங்காமல் படி இறங்காதீர்கள். அதே அக்காதான் முத்திரை குத்தித் தந்தார், இந்த முறை ஹெல்மெட்டைப் பார்க்கவில்லை.

வந்தது பதிவேட்டின் போட்டோக் கொப்பி. ஒரு மூலை கறையான் தின்றது அப்படியே கறுப்பாக விழுந்திருந்தது. மேற்பரப்பு என்ற நிரலில் 'கிரவல்', 'மண்', 'கிரவல்' என்று பக்கம் பக்கமாக. அன்று பின்னேரம் நாங்கள் அதைக் கல்யாண அல்பம் போலக் கையோடு கை மாற்றிப் பார்த்தோம். அப்புறம் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்தோம்.

பட்டியலில் இருந்தாலும் போகும் முன் அந்தப் பகுதி வட்டவிதானையிடம் (வயல், வாய்க்கால் காரியங்களைப் பார்ப்பவர்) ஒரு சொல் சொல்லுங்கள். எந்த மதகு இடிந்திருக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பொழுது சாயும் முன் தார் றோட்டுக்கு வந்துவிட வேண்டும். யானைக்குப் போட்ட மின்வேலியின் கடவையைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். சிறுபோக அறுவடை நேரம் றோட்டில் நெல் காயும்; இறங்கி, பைக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். நெல்லில் ஒரு டயர் ஏறினால் அந்த ஊருக்குள் யாருக்கும் பிறகு வழியில்லை. மழை தொடங்கி மாசி வரை வெருகல் பக்கத்தை மறந்துவிடுங்கள், வெள்ளம் வடிந்தாலும் சேறு வடியாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால், எவ்வளவு பழையதாக இருந்தாலும், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

பக்கத்துச் சபைக்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அங்கே தகவல் அலுவலர் யார் என்பதில் கந்தோருக்குள்ளேயே இன்னும் முடிவில்லை.