பச்சரிசி தின்ற அக்கா

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் முதலுதவி அறையில் ஒன்பது ஆண்டுகளாக நர்சாக இருக்கிறேன். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஓர் அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது; அதனால் வந்தது. ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், மாத்திரை அலமாரி, ஒரு பதிவேடு. தோல் வெட்டும்போது விரலை அறுத்துக்கொண்டு வருபவர்களைவிட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் தையல் பிரிவுப் பெண்கள்தான் அதிகம். "வயிற்று வலி சிஸ்டர், ஒரு மாத்திரை கொடுங்கள்" என்பார்கள். கொடுப்பேன். 'வயிற்று வலி, மெஃபெனமிக் ஆசிட் 1' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். அவர்கள் உடனே மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். சூப்பர்வைசருக்குக் கண் கடிகாரத்தில்தான்.

பசை தடவும் மேஜையில் ஓர் அக்கா இருந்தார். குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் பச்சரிசி. யாரும் பார்க்காதபோது ஒரு பிடி வாயில் போய்விடும். "மகள் கல்யாணத்தன்று மழை கொட்டப்போகிறது பார்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ரத்தசோகை வந்தவர்கள் அரிசி, மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி என்று தேடித் தின்பார்கள் என்பதைப் பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். கண்ணெதிரே நடந்தபோது உறைக்கவில்லை.

ஒரு நாள் தலைசுற்றி விழப்போனவரைத் தாங்கி அழைத்து வந்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. "தூரம் ஒழுங்காக வருகிறதா அக்கா?" என்று மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன்.

"மாதம் ஒரு நாள் தவறாது சிஸ்டர்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அதிகமாகப் போகிறதா?"

"இல்லையே, எல்லாருக்கும் போகிற மாதிரிதான். எட்டு, ஒன்பது நாள். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்."

இந்த 'அதிகமாகப் போகிறதா' என்ற கேள்வியை அன்றோடு விட்டுவிட்டேன். எதைவிட அதிகம் என்று அவர் சொல்வார்? ஒரு மாதவிலக்கில் சராசரியாக வெளியேறுவது 30 முதல் 40 மில்லி லிட்டர் ரத்தம், 80ஐத் தாண்டினால் அதிகம் என்று புத்தகம் சொல்கிறது. அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? கேள்வியை மாற்றினேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறீர்கள்? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டியாக விழுகிறதா? அக்கா மெல்லச் சொன்னார். முதல் மூன்று நாள் நாப்கினுக்கு மேல் துணியும் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாராம். அந்த நாட்களுக்கென்றே கறுப்புப் புடவை இரண்டு. கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் சொல்லிவிட்டு எழ வேண்டியிருக்கிறது என்று மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, "வேறு ஒன்றும் இல்லை சிஸ்டர்" என்றார்.

நம் பாட்டிமார் இதற்குப் பெரும்பாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனைக்கு அனுப்பினேன். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6.4. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி. கட்டி என்றதும் அக்கா அழுதுவிட்டார். இவ்வகைக் கட்டி ஏறக்குறைய எப்போதுமே புற்றுநோய் அல்ல என்பதைச் சொல்லித் தேற்ற ஒரு மதியம் ஆனது. "எடுத்துப் போட்டுவிடு, பிள்ளை பெற்றாகிவிட்டதே" என்று தெருவே யோசனை சொன்னது. கர்ப்பப்பையை ஏதோ காலியான பாத்திரம்போல் பேசுவது எனக்கு ஆத்திரம் தரும். சிலருக்கு அந்த அறுவை சிகிச்சை தேவைதான். ஆனால் போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மருந்து, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுவது என்று அதற்கு முன்னால் கேட்டுப் பார்க்க வேண்டியவை உண்டு. அக்காவுக்கு மாத்திரையிலேயே போக்குக் குறைந்தது. இரும்புச்சத்து மாத்திரையைப் பத்தரை மணித் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு என்று மாற்றினோம்.

அன்று மாலை பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். பதினான்கு மாதங்களில் பதினொரு இடத்தில் அக்காவின் கையெழுத்து. பக்கத்தில் என் எழுத்து: வயிற்று வலி, வயிற்று வலி, வயிற்று வலி.

அதன் பிறகு பழைய பக்கங்களில் வேறு பெயர்களும் கண்ணில் பட்டன. முதல் இரண்டு நாள் வலித்து மாத்திரைக்கு அடங்குபவர்களைப் பற்றிக் கவலையில்லை. சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை. வருடத்துக்கு வருடம் வலி கூடி, தூரம் வருவதற்கு முன்பே தொடங்குகிறதென்றால் அது வேறு. கேன்டீனில் ஒரு பெரியம்மா, தூரம் நின்று மூன்று வருடம் ஆன பிறகு லேசாகக் கறை பட்டதை 'சூடு' என்று சொல்லி மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவரை அன்றே அனுப்பினேன். நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும்.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு நான்கு மாதமாகத் தூரம் வரவில்லை. பஸ்ஸுக்குள் அவளைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை எழுத விருப்பமில்லை. அவளுக்கு இருந்தது நீர்க்கட்டி. பெயரே பாதி பயம்: அவை கட்டிகள் அல்ல, முழுதாக முதிராமல் நின்றுவிட்ட சிறு கருமுட்டைப் பைகள்.

சித்திரை கடைசியில் என் அறையில் வேறு கூட்டம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தூரத்தைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருவார்கள். என்னிடம் அது இல்லை, மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது. காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது என்று சொல்வேன். அம்மனும் பெண்தானே என்றும் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அச்சடித்த பதிவேட்டில் நோயின் பெயருக்கும் மருந்தின் பெயருக்கும்தான் கட்டம் உண்டு. நடுவில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, 'கடைசியாக வந்த தேதி, எத்தனை நாள்' என்று சேர்த்திருக்கிறேன். இப்போது சிலர் கதவைத் தள்ளும்போதே தேதியைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அக்கா போன மாதம் வந்தார். அரிசிப் பொட்டலம் எங்கே என்று கேட்டேன். "அதை எப்படித்தான் தின்றேனோ சிஸ்டர், வாயில் வைக்க முடியவில்லை" என்றார்.